ரெண்டு விட்டு, ஆறு

அந்தத் தையல் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே ஏமாறுவார்கள். "கத்தரி எங்க?" என்று யாராவது குரல் கொடுத்தால், புதிய ஆள் மேஜைக்கு அடியில் குனிந்து கத்தரிக்கோலைத் தேடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். கத்தரி என்பது ஒரு பெண். முப்பத்தொன்பது வயது, ஒடிசலான உடம்பு, காதில் செருகிய சாக்பீஸ் துண்டு, வாயில் எப்போதும் தயாராக ஒரு பதில். அந்தக் கூடத்தின் கட்டிங் மாஸ்டர் அவள்தான்.

பதினெட்டு வயதில் பிசிர் நூல் வெட்ட வந்தவள். பிறகு பட்டன் மேஜை. பிறகு காலர் திருப்புவது. ஒரு நாள் பழைய மாஸ்டர் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. முதலாளி வேறு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். "நான் வெட்டறேன்" என்றாள். முதலாளி சிரித்தார். அவள் பன்னிரண்டு சட்டைக்கு வெட்டிக் காட்டினாள். சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் பதினைந்து வருடம் அந்த நீள மேஜையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மேஜையில் நாற்பது அடுக்குத் துணி விரித்திருக்கும். மேலே காகித அளவுகளை வைத்துக் கோடு போடுவாள். பிறகு கட்டிங் மெஷினை நகர்த்துவாள். மேலே மோட்டார், கீழே நிமிர்ந்து நிற்கும் சாண் நீளக் கத்தி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மேலும் கீழும் ஆடும். இடது கையில் இரும்பு வலைக் கையுறை போட்டு, கத்திக்கு முன்னால் துணியை அழுத்திப் பிடிக்க வேண்டும். கை ஒரு தடவை பிசகினால் நாற்பது உருப்படி பிசகும். அவள் கை பிசகியதில்லை.

அவள் வெட்டிய துணி பத்தவில்லை என்று எந்தத் தையல்காரரும் சொன்னதும் இல்லை. தையலுக்கு அரை இஞ்ச் விட்டு, இடுப்பில் இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவாள். "விட்டா பின்னாடி பிடிச்சுத் தைக்கலாம். விடாம வெட்டிட்டு அப்புறம் இழுத்தா நீளுமா?" என்பாள். கூடத்தில் "விட்டியா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நோய் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் தாகம் எடுத்தது. கோடை என்று நினைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கழிப்பறைக்கு ஓடினாள்; அவ்வளவு தண்ணீர் குடித்தால் ஓடத்தானே வேண்டும் என்று நினைத்தாள். ரவிக்கை தொளதொளத்தது. பிடித்துத் தைத்தாள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் பிடித்துத் தைத்தாள். இரண்டாவது முறை தைக்கும்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பள்ளிச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாந்தி நிற்கவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. வாயில் அழுகிய பழ வாடை. அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நடுவழியில் நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பதறாமல் வெளியே எடுத்துப் பழகியவன். அன்று அவனே பதறிப்போய், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். சர்க்கரை ஐந்நூற்று இருபது. நாலு நாள் குழாயும் பாட்டிலுமாகப் போயிற்று.

"டைப் ஒன் சர்க்கரை நோய்" என்றார் டாக்டர்.

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதுன்னுல்ல சொல்வாங்க?"

"எந்த வயசுலயும் வரும்மா. உங்க உடம்பு இன்சுலின் சுரக்கறதை நிறுத்திக்கிட்டு வருது. மாத்திரை இதுக்கு ஆகாது. மூணு வேளை சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஊசி, படுக்கப் போறப்ப ஒரு ஊசி."

"எத்தனை நாளைக்கு?"

"எல்லா நாளைக்கும்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போர்வையின் மடிப்புத் தையலை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். மட்டமான தையல், இஞ்சுக்கு ஆறு தையல்கூடத் தேறாது.

வீட்டுக்குப் போகும் நாளன்று ஊசி போடச் சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். சர்க்கரை நர்ஸ் என்று அந்தப் பகுதியில் எல்லாரும் அவளைச் சொன்னார்கள். கெட்டிக்காரி, அன்பானவள். ஆனால் அன்று காலையில் அவளுக்குப் பதினேழு பேர். கையில் இருந்தது பேனா போன்ற இன்சுலின் ஊசிக் கருவி; மருந்தில்லாத மாதிரிப் பேனா.

"இங்க பாருங்கக்கா. ஊசியை மாட்டணும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. இந்தக் குமிழைத் திருகினா எண் வரும். எப்பவும் ரெண்டு விட்டுட்டு, ஆறு போடணும். குத்தி, அழுத்தி, பத்து எண்ணி, எடுக்கணும். புரியுதா?"

"ரெண்டு விடணும்."

"ஆமா. அதை மட்டும் மறந்துடாதீங்க. நிறைய பேர் அதைத்தான் மறந்துடறாங்க."

"நான் மறப்பேனா? விடறதுதானே என் பொழப்பே!"

நர்ஸ் என்னவோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். காலிப் பேனாவை மேலே தூக்கி ஒரு தரம் அழுத்திக் காட்டினாள். அதில் ஒன்றும் வரவில்லை. காலிப் பேனாவில் என்ன வரும்? குமிழ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று இவள் நினைத்துக்கொண்டாள். அதற்குள் அடுத்த வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். நர்ஸ் போய்விட்டாள்.

வீட்டில் முதல் வாரம் அவள் உட்காரவே இல்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பாள், பேனா இருக்கிறதா என்று பார்ப்பாள், மூடுவாள். கணவன் அதை உறைபெட்டிப் பக்கம் தள்ளி மருந்தை உறையவைத்துவிட்டானோ என்று மறுபடியும் திறப்பாள். விரலைக் குத்தி மீட்டரில் பார்ப்பாள். நூற்று அறுபது. ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்து மறுபடியும் குத்துவாள். நூற்று ஐம்பத்தெட்டு. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை குத்தி, விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும் திண்டு மாதிரி ஆகிவிட்டது.

"உக்காரேன்டி கொஞ்சம்" என்றான் கணவன். "உனக்கு ஒரு ஸ்டாப் பட்டன் வெச்சுத்தான் ஆகணும் போல."

"வெச்சுப் பாருங்க. உங்க லிஃப்ட் மாதிரி நடுவுல நின்னுடுவேன். யார் வந்து தூக்குவா?"

"நான்தான். வேற யாரு வரப்போறா?"

ஊசி போடுவதில் அவள் யாரையும் கிட்ட விடவில்லை. தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு, வயிற்றை நாலு பாகமாகப் பிரித்துக்கொண்டாள், துணியில் சதுரம் பிரிப்பது போல. திங்கள் மேல் வலது, செவ்வாய் கீழ் வலது. ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் அவள் ஒரு நாளும் தவறவில்லை. சாப்பாட்டு நேரப் பேனாவில் முந்நூறு யூனிட். ஆறும் ரெண்டும் எட்டு, மூணு வேளைக்கு இருபத்துநாலு, பன்னிரண்டரை நாள் வரவேண்டும் என்று துணிக்குப் போடுவது போலக் கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டிலும் பன்னிரண்டு நாள் என்றே இருந்தது. பேனாவும் சரியாகப் பதின்மூன்றாம் நாள் மதியம் தீர்ந்தது. அவளுக்குப் பெருமை. "பார்த்தீங்களா, ஒரு சொட்டு அங்க இங்க போகலை" என்று கணவனிடம் சொன்னாள்.

ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். அங்கேதான் தொல்லை தொடங்கியது.

காலை பதினோரு மணி ஆகும். உள்ளங்கை வியர்க்கும். முழங்கால் தன் பாட்டுக்கு ஆடும். நாக்கு நுனி மரத்துப்போகும். யார் பேசினாலும் எரிந்து விழுவாள். மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஏற்கெனவே பார்த்த கோட்டை மறுபடி பார்ப்பாள். பார்த்ததை மறந்து இன்னொரு தரம் பார்ப்பாள். சர்க்கரை இறங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும். மீட்டர் அறுபத்திரண்டு காட்டும், ஐம்பத்தொன்பது காட்டும். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாலு மிட்டாயைக் கடித்து விழுங்குவாள். சுவரில் சாய்ந்து நிற்பாள். கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவாள்.

சர்க்கரை அளவைக் குறித்துவர ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில், எண் எழுத வேண்டிய இடத்தில் 'சரி' என்று எழுதுவாள்.

ஏன் அப்படி எழுதினாள் என்றால், எல்லாம் கத்திக்காகத்தான். முதலாளியின் அப்பா காலத்தில் ஒரு மாஸ்டருக்கு அந்த மேஜையில் இரண்டு விரல் போயிற்று. முதலாளி அப்போது சின்னப் பையன். பக்கத்தில் நின்று பார்த்தவர். இன்றைக்கும் கத்தி ஓடும்போது அந்தப் பக்கம் வரமாட்டார். கை நடுங்குகிற ஒருத்தியை அவர் மெஷின் பக்கத்தில் ஒரு நிமிஷம் விடமாட்டார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கத்தி போனால் மறுபடியும் பட்டன் மேஜை. இருபது வயதில் எழுந்த இடத்தில் முப்பத்தொன்பது வயதில் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் நோயாளியே பொய் எழுதினால் டாக்டர் எதைப் பார்த்து மருந்தைத் திருத்துவது? அதை அவள் நினைக்கவில்லை. நினைக்க நேரம் கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள்.

ஓவர்லாக் மெஷினில் துணியின் ஓரம் அடிக்கும் அக்கா ஒருத்தி உண்டு. இருபது வருடமாக அதே மூலையில் உட்கார்ந்திருப்பவள். எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"என்னடி, தினமும் பதினோரு மணிக்குக் கழிப்பறைக்கு என்ன ஓட்டம்? உள்ள மாமியாரை ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"உன் வாயை முதல்ல ஓவர்லாக் அடிக்கணும்."

"அடி, அடி. ஆனா மூஞ்சி வெளுத்துக் கிடக்குடி. துடைச்ச சிலேட்டு மாதிரி."

ஊசி தொடங்கிய மூன்றாவது வாரம் புதன்கிழமை அது நடந்தது. சீருடைக் கால்சட்டைக்கு நாற்பது அடுக்கு. தொடை வளைவில் கத்தி போய்க்கொண்டிருந்தது. மணி பதினொன்றேகால். அவளுக்குச் சாக்பீஸ் கோடு இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கோடு தன் கோடு என்று தெரியவில்லை. நிறுத்து என்று தலை சொன்னது, கை கேட்கவில்லை. கத்தி வளைவை விட்டு நேராக இடுப்புப் பக்கம் ஏறியது. இடது கையின் இரும்பு வலையில் 'கிர்ர்' என்று உரசி நின்றது.

ஓவர்லாக் அக்காதான் ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். ஒரு கையால் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள், மறு கையால் தன் டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினாள். "குடி. பேசாதே. குடி முதல்ல."

குடித்தாள். பல் டம்ளரில் டகடகவென்று அடித்தது.

முதலாளி வந்து நின்றார். நாற்பது கால்சட்டைக்கு வலது கால் இல்லை. அதை அவர் பார்க்கவில்லை. இரும்பு வலையில் நசுங்கியிருந்த இரண்டு வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"தினமும்" என்றாள் ஓவர்லாக் அக்கா. கத்தரி அவளை முறைத்தாள். "முறைக்காதே. விரல் போனப்புறம் எதை வெச்சு முறைப்பே?"

"நாளையிலேர்ந்து பட்டன் மேஜை" என்றார் முதலாளி. "கத்தியைத் தொடணும்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இந்தம்மா மெஷின்ல நிக்கலாம்னு அவர் கையெழுத்துப் போடட்டும். அதுவரைக்கும் வெளி ஆள் வெட்டட்டும்."

"முதலாளி, ஒரே ஒரு தடவைதான்…"

"அந்த மாஸ்டருக்கு விரல் போறதுக்கு முன்னாடி என் அப்பாவும் அதையேதான் சொன்னார். ஒரு தடவைதான்னு."

மறுநாள் பட்டன் மேஜையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று பெயர்தான். ஐந்து பட்டனுக்கு ஒரு தரம் எழுந்து நின்றாள். வெளி மாஸ்டர் வந்தார். சென்ட் வாடை அவருக்கு முன்னால் வந்தது. சீட்டி அடித்துக்கொண்டே வெட்டினார். பத்தரை மணிக்குள் ஓவர்லாக் மூலையிலிருந்து சத்தம் கிளம்பிவிட்டது.

"ஏம்ப்பா மாஸ்டர், ஓரம் அடிக்க இடம் விடவே இல்லையே! எதுல அடிக்கறது, என் தலையிலயா?"

"கால் இஞ்ச் விட்டிருக்கேனேம்மா."

"கால் இஞ்ச்ல கொசுதான் உக்காரும்."

கத்தரிக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் பதினோரு மணிக்கு வழக்கமான நடுக்கத்தோடு காணாமல் போயிற்று. விரலில் ஊசி ஏறியது. உறிஞ்சிக்கொண்டாள். இப்படியே போனால் பட்டன் மேஜைக்குக் கூட ஆக மாட்டேன் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. 

சாயந்திரம் கணவனிடம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல 'சரி'ன்னு இருக்கறதெல்லாம் பொய்."

அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். வரிசையாகச் சரி, சரி, சரி. "ஏன்டி, எனக்கே பொய்யா?"

"உங்களுக்கு இல்ல. நோட்டுக்கு."

"மீட்டருக்குள்ள எல்லாம் பதிவாகி இருக்கும், தெரியுமா? லிஃப்ட்ல கூட எங்க நின்னதுன்னு பதிவாகும். இயந்திரத்துக்கிட்ட பொய் சொல்ல முடியாது." மீட்டரை வாங்கி ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தான். அவன் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் 'சரி'யை அடித்துவிட்டு மேலே எழுதினாள். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. ஐம்பத்துமூன்று. ஐம்பத்துமூன்றைச் சொல்லும்போது அவன் குரல் தேய்ந்தது. அதற்கப்புறம் அவன் பகடி பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி. டாக்டர் நோட்டைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"ஊசி போட்டுட்டுச் சரியா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடாம வேலை செய்ய முடியுமா டாக்டர்?"

"ஆறு யூனிட்டுக்கு இவ்வளவு இறங்கக் கூடாதே. நர்ஸைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் குறைக்கலாமான்னு பார்ப்போம்."

"எனக்கு ஒரு கடிதம் வேணும். மெஷின்ல நிக்கலாம்னு."

"இந்த எண்ணைப் பார்த்துட்டா? நான் கையெழுத்துப் போட்டா என்னைப் பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்கம்மா."

நர்ஸ் அறையில் அன்றைக்குக் கூட்டமில்லை. கத்தரி நாற்காலியில் உட்காராமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கணவன் மூலையில் நின்றிருந்தான்.

"அக்கா, வெச்சிருக்கற பேனாவை எடுங்க. வீட்டுல எப்படிப் போடறீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்க. குத்த வேண்டாம், இந்தப் பஞ்சு மேல."

அவளுக்கு ரோஷமாக இருந்தது. மூன்று வாரமாகப் போடுகிறவளுக்குப் பரீட்சையா? கையைக் கழுவினாள். புது ஊசியைத் திருகினாள். குமிழைத் திருப்பினாள். டிக், டிக், டிக். எட்டு டிக். பேனாவைப் பஞ்சில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். பத்து எண்ணினாள். எடுத்தாள். பஞ்சு நனைந்திருந்தது.

"எட்டா?" என்றாள் நர்ஸ்.

"ஆறு. ரெண்டு விட்டு."

"ரெண்டை எங்க விட்டீங்க?"

"இதுலயேதான். எட்டா வெச்சு அப்படியே போட்டேன். தையலுக்கு விடற மாதிரி. நீங்கதானே சொன்னீங்க, ரெண்டு விடணும்னு?"

நர்ஸ் நனைந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். "அய்யோ அக்கா. விடணும்னா… வெளிய விடணும்! காத்துல! முதல்ல ரெண்டு வெச்சு, ஊசியை மேல பார்க்கப் பிடிச்சு, அழுத்தி வெளிய விடணும். நுனியில சொட்டு வருதான்னு பார்க்கணும். அப்புறம் ஆறு வெச்சு உடம்புல போடணும்."

கத்தரி கையிலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க வேலையில விடறதுன்னா உள்ள விடறது" என்றாள் கத்தரி மெதுவாக.

"எங்க வேலையில வெளிய."

"அப்ப ஒவ்வொரு வேளையும் எனக்கு ரெண்டு கூட."

"படுக்கப் போறப்பப் போடற ஊசியிலயும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"பன்னெண்டுக்குப் பதினாலு."

மூலையிலிருந்து கணவன் சொன்னான்: "பேனா கணக்கு மட்டும் சரியா வந்துச்சேம்மா, பன்னெண்டு நாளும்."

"வராம என்ன சார்? வெளிய போனாலும் உள்ள போனாலும் பேனாவுக்கு எட்டுதானே." நர்ஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "என் தப்புக்கா. அன்னிக்கு மருந்து இருக்கற பேனாவுல காட்டியிருக்கணும். போட்டுக் காட்டுங்கன்னு கேட்டிருக்கணும். கேட்காம ஓடிட்டேன்."

கத்தரி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. "துணியில கூட விட்டா பிடிச்சுத் தைக்கலாம்" என்றாள். "இதைப் பிடிச்சுத் தைக்க முடியாது, இல்ல?"

"முடியாது. உள்ள போனது போனதுதான். சர்க்கரையைத் தின்னுதான் ஈடு கட்டணும்."

"நான் கழிப்பறையில தின்னேன், மூட்டை மூட்டையா."

டாக்டர் வந்து கேட்டுவிட்டு மருந்தைக் குறைக்கவில்லை. ஆறு ஆறாகவே இருக்கட்டும், பத்து நாள் சரியாகப் போடுங்கள், ஒரு எண்ணையும் மறைக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு கடிதத்தைப் பேசலாம் என்றார். இனி யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் 'காத்துல ரெண்டு' என்றுதான் சொல்வேன் என்று நர்ஸ் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

பத்து நாளும் பட்டன் மேஜை. முதல் நாள் காலையில் ஊசியை மேலே தூக்கி, ரெண்டை வெளியே விட்டாள். நுனியில் கடுகளவு சொட்டு மினுங்கி விழுந்தது. நல்ல மருந்து இப்படி வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொண்டது. விட்டாள். ஆறு வைத்துப் போட்டாள்.

பதினோரு மணி வந்தது. அவள் பட்டனை மேஜையில் வைத்துவிட்டு, நடுக்கத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மீட்டரில் நூற்று இருபத்தெட்டு. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினாள். நூற்று முப்பத்தொன்று. மூன்று வாரமாக எல்லாரையும் கடித்துக் குதறியது, மேஜையைச் சுற்றி ஓடியது, ராப்பகலாக நிம்மதியில்லாமல் திரிந்தது எல்லாம் பயத்தால் என்று நினைத்திருந்தாள். பாதி, அந்த ரெண்டு யூனிட். மீதிப் பாதி பயம்தான். அது இன்னும் இருந்தது. வெளி மாஸ்டர் சீட்டி அடிக்கும்போதெல்லாம் அவள் கை தானாகக் காதுக்குப் போய்ச் சாக்பீஸைத் தொட்டுவிட்டு வந்தது.

பத்து நாளில் இரண்டு தடவை எழுபதுக்கு அருகில் வந்தது. இரண்டையும் எழுதினாள்.  டாக்டர் அந்த இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது உண்மையான நோட்டு" என்றார். கடிதம் கொடுத்தார். அதில் நிபந்தனை இருந்தது. கத்தியைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். நூறுக்குக் கீழே இருந்தால் ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். மறுபடி பார்த்து, நூறைத் தாண்டினால்தான் மெஷின். எழுபதுக்குக் கீழே போனால், எண் ஏறியதற்கு அப்புறமும் முக்கால் மணி நேரம் கத்தி கிடையாது.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சுவரில் ஒட்டினார். "இதுல எழுதியிருக்கறதை ஒரு நாள் மீறினாலும், மெஷினைப் பூட்டிச் சாவியை என் இடுப்புல கட்டிக்குவேன்."

"கட்டிக்குங்க. ஆனா அந்த சென்ட் பாட்டிலை முதல்ல அனுப்புங்க."

அன்றைக்கு மாலைக்குள் சீருடை போயாக வேண்டும். வெளி மாஸ்டர் தையலுக்கு இடம் விடாமல் வெட்டியதில் அறுபது உருப்படி தேறவில்லை. அவற்றை மறுபடி வெட்ட வேண்டும். அவள் துணியை விரித்தாள், அளவுகளை வைத்தாள், கோடு போட்டாள். மணி பதினொன்று. தையல்காரர்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு, எப்போது துண்டுகள் வரும் என்று காத்திருந்தார்கள். முதலாளி, அதிசயமாக, மேஜைக்கு நாலடி தள்ளி வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

விரலைக் குத்தினாள். எண்பத்துநாலு.

மீட்டர் அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. உடம்பில் நடுக்கம் இல்லை, கோடு ஒன்றாகத்தான் தெரிந்தது. எண்பத்துநாலு ஒரு குறையா? பதினைந்து நாள் கழித்துக் கத்தி பக்கத்தில் நிற்கிறாள். கை பரபரத்தது. இன்றைக்கு உட்கார்ந்தால், இவளால் முடியவில்லை என்று முதலாளி இந்த நிமிஷமே முடிவு கட்டிவிடலாம். 'சரி' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"எண்பத்தி நாலு" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "கால் மணி நேரம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து பழச்சாறு டப்பாவை எடுத்து உறிஞ்சினாள். முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். ஒரு தையல்காரர் மெதுவாக, "இன்னிக்கு ஆர்டர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்று முனகினார்.

"உனக்கு அவசரம்னா நீ போய் வெட்டு" என்றாள் ஓவர்லாக் அக்கா. "பத்து விரலும் இருக்கான்னு எண்ணிட்டுப் போ."

அந்தக் கால் மணி நேரம் அவளுக்கு ஒரு யுகமாகப் போயிற்று. கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை எழப் பார்த்தாள், மூன்று தடவையும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடிகார முள் நகர்ந்ததும் குத்தினாள். நூற்றுப் பன்னிரண்டு. மீட்டரைத் திருப்பி முதலாளிக்கு நேராகப் பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் தன் வழக்கப்படி நடந்து, கத்தி கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட்டார்.

அவள் இரும்பு வலைக் கையுறையை மாட்டினாள். நசுங்கிய இரண்டு வளையத்தை யாரோ நேராக்கியிருந்தார்கள்.

மூலையிலிருந்து குரல் வந்தது: "ஏய் கத்தரி, விட்டியா?"

"எதுல கேக்கறே?"

"எதுலயாவது."

"துணியில உள்ள. ஊசியில வெளிய. போதுமா?"

சுவிட்சைப் போட்டாள்.